உயிரோடதான் கீறேன்

அந்தப் படத்தை அழித்தது நீங்கள்தான். மழை அழிக்கவில்லை, வெயில் உரிக்கவில்லை, குடிகாரன் எவனும் கிறுக்கவில்லை. நகரத்தை அழகாக்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரி ஐயா, நீங்கள் ஆள் அனுப்பி வெள்ளை அடித்து அழித்தீர்கள். நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இருக்கும் அந்த நீளச் சுவரில் யார் இருந்தார் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நீங்கள் சொன்ன காரணம் வாயில் வந்திருக்காது.

சுவரில் இருந்தது ஒரு பெண்ணின் படம். இரண்டு ஆள் உயரம். தோளில் சாப்பாட்டுப் பை, வாய் நிறையச் சிரிப்பு, முன்வரிசையில் ஒரு பல் இல்லாத இடம். எங்களுக்கு அவர் அக்கா. அம்பத்தூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவர் தையல், நான் செக்கிங். காலையில் ஒரே ரயிலில், பெண்கள் பெட்டியில் போவோம். அக்கா ஏறி உட்கார்ந்ததும் டிபன் டப்பாவைத் தட்டிப் பாட ஆரம்பித்துவிடுவார். சூப்பர்வைசரைப் பற்றி, மாமியாரைப் பற்றி, லேட்டாக வரும் ரயிலைப் பற்றி அவரே கட்டிய பாட்டுகள். ஐடி கம்பெனிக்குப் போகிற பெண்கள் காதில் மாட்டியிருப்பதைக் கழற்றிவிட்டுக் கேட்பார்கள். ஆனால் சும்மா கேட்டுவிட்டுப் போக முடியாது. அடுத்த அடியை யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால், "இன்னாமே, வாய ஊட்லயே வெச்சிட்டு வந்துட்டியா" என்பார். நான் வாழ்க்கையில் சொந்தமாக நாலு வரி கட்டினேன் என்றால் அந்தப் பெட்டியில்தான்.

சுவர்களில் ஓவியம் வரையும் திட்டம் வந்தபோது, ஓவியம் படித்த ஒரு பெண்ணை அனுப்பினார்கள். யாரை வரையலாம் என்று அவள் ரயிலுக்குப் போகிறவர்களிடமே கேட்டாள். நாங்கள் அக்காவைப் பிடித்து முன்னால் தள்ளினோம். மரியாதைக்காக அவள் பல் வரிசையை முழுசாகப் போட்டிருந்தாள். அக்கா சாரத்துக்குக் கீழே நின்று குரல் கொடுத்தார்: "அந்த ஓட்டப் பல்லையும் போடு கண்ணு. இல்லாங்காட்டி எங்கூட்டுக்காரரு வேற பொம்பளன்னு நெனச்சி நின்னு பாத்துக்கினு கெடப்பாரு." ஓட்டைப் பல் வந்தது.

படம் முடிந்த மறுநாள் அதன் கீழே யாரோ ஊதுபத்தி ஏற்றியிருந்தார்கள். எங்கள் ஊரில் சுவரில் ஒரு முகம் பெரிதாக இருந்தால் ஒன்று ஓட்டுக் கேட்கிறவர், இல்லையென்றால் கண்ணீர் அஞ்சலி. அக்கா எந்தக் கட்சியிலும் இல்லை. ஆகவே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. அந்த வாரமே, திருவேற்காட்டில் இருக்கும் தூரத்து உறவுக்காரர் ஒருவர் வழியில் படத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் விடிந்ததும் மாலையும் கையுமாகத் துக்கம் கேட்க வந்தார். கதவைத் திறந்தது அக்கா. மனிதர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாராம். "இன்னா அண்ணாத்தே, வாங்கினது வாங்கிட்ட, வீணா போவப்போவுது" என்று மாலையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அதோடு அக்கா ரயிலேறினார். பெட்டியே உருண்டு சிரித்தது. அண்ணனூர் ஸ்டேஷன் தாண்டிய பிறகு என்னிடம் மட்டும் சொன்னார்: "நம்ம மாரி ஆளுக்கு செத்தாத்தான் படம் வெப்பாங்கன்னு ஜனம் எப்டி கரெக்டா தெரிஞ்சி வெச்சிக்கீது பாரு." அப்போது அவர் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலமே அந்த ஓவியப் பெண்ணைப் பிடித்து, படத்தின் காலடியில் ஒரு வரி எழுதச் சொன்னார்: நான் உயிரோடதான் கீறேன். 'இருக்கிறேன்' என்று எழுதட்டுமா என்று அவள் கேட்டாள். "நான் எப்போமா இருக்கிறேன்னு பேசினேன்? கீறேன்னே எழுது." அந்த வரி ஊருக்குள் ஓடிவிட்டது. ரயிலில் எப்படி இருக்கிறாய் என்றால் அதுதான் பதில். ஆட்டோக்காரர்களுக்கு அதுதான் அடையாளம்: "உயிரோட கீற அக்காண்ட எறக்கி வுட்டா போதுமா?" ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பையன்கள் அதன் முன்னால் கானா பாடினார்கள். ஃப்ளாட்டுகளிலிருந்து குடும்பமாக வந்து நின்று கேட்டார்கள். உட்கார ஒரு பெஞ்சு இல்லாத ஊரில் அந்தச் சுவர் எங்களுக்கு ஒரு இடம் கொடுத்தது.

போன மழைக்காலத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கலாம் என்று தெருவில் சொன்னார்கள். அவர் வீட்டுக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். "அதான் செவுத்துல கீறாளே." கீழே இருந்த வரியை யாரும் தொடவில்லை. அக்காவின் மகள் அதே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் பாட மாட்டாள், பேசுவதே குறைவு. காலையில் ரயிலுக்கு முன்னால் படத்தில் இருக்கும் சாப்பாட்டுப் பையில் உள்ளங்கையை வைத்துவிட்டு வருவாள். கை படும் இடத்தில் சாயம் தேய்ந்துகொண்டே வந்தது. சாயம் போகிறதே என்றேன். "போவட்டும் சித்தி. எங்கம்மா பையும் இப்டித்தான் வெளுத்துக் கெடந்துது" என்றாள்.

ஒரு நாள் காலை சுவர் முழுக்க வெள்ளை. பழக்கத்தில் கை வைத்துவிட்டாள். உள்ளங்கையில் ஈரச் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது. அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். ரயில் போய்விட்டது.

நாங்கள் உங்கள் அறைக்கு வந்தோம். உட்காரச் சொன்னீர்கள், மரியாதையாகவே பேசினீர்கள். "அந்தம்மா இறந்துட்டாங்க இல்லையாம்மா? உயிரோட இருக்கேன்னு சுவத்துல போட்டிருந்தா அது தவறான தகவல் ஆயிடுது. புகார் வந்திருக்கு." மகள் கேட்டாள்: "யார் சார் புகார் குடுத்தது? எங்கம்மாவா?" நீங்கள் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தீர்கள்.

இப்போது அந்த வெள்ளை மேல் நீங்கள் வரைய வைத்த ஒரு மயில் இருக்கிறது. தோகை விரித்து, சாக்கடைக்கு மேலே ஆடுகிறது. அதன் கீழே யாரும் நிற்பதில்லை, பாடுவதில்லை. அக்காவின் மகள் அந்த வழியை விட்டுவிட்டுச் சுற்றிப் போகிறாள். போன வாரம் பெட்டியில் நான் டப்பாவைத் தட்டி ஒரு வரி எடுத்தேன். அடுத்த வரியை யாரும் எடுக்கவில்லை. அவளும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூடிய அறையில் சொன்ன காரணம் எங்களுக்குப் போதாது. காலை ரயிலுக்கு ஜனம் போகிற நேரத்தில் அந்தச் சுவருக்கு முன்னால் வந்து நில்லுங்கள். அக்காவின் மகளை நான் அழைத்து வருகிறேன். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்: உங்கள் மயில் உயிரோடு இருக்கிறதா? இல்லையென்றால், அதற்கு மட்டும் அந்தச் சுவரில் எப்படி இடம் கொடுத்தீர்கள்?