உடையாத பல்லுக்கு எதிரில்

போன ஞாயிறு என் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்தது. புதிதாக கேப் போட்ட பல் அல்ல... அது குத்துக்கல் மாதிரி அப்படியே இருக்கிறது. உடைந்தது அதற்கு நேர் கீழே இருந்த, என் சொந்தப் பல்!

இடப் பக்கக் கடைவாய்ப் பற்கள் எப்போதோ போய்விட்டன. சாப்பாடெல்லாம் வலப் பக்கத்தை நம்பித்தான். அங்கேயும் மேல் பல் ஒன்று மக்கர் செய்ய, குரோம்பேட்டை டாக்டரம்மா அதற்கு ஜிர்கோனியா கேப் போட்டார்.

ஜிர்கோனியா என்றால்? ஜிர்கோனியம் என்ற உலோகத்தின் ஆக்ஸைடு. பீங்கான் இனம்தான், ஆனால் டீ கப் பீங்கான் இல்லை. துருப்பிடிக்காது. பல் எனாமலைவிட ரொம்பக் கெட்டி. விரிசல் விழ ஆரம்பித்தால், அந்த இடத்துத் துகள்கள் லேசாகப் பருத்து விரிசலை நெருக்கி நிறுத்திவிடுமாம். அடேயப்பா!

"கேப் உடையாது சார். அதுக்காகக் கண்டதையும் கடிக்காதீங்க" என்றார் டாக்டரம்மா. எனக்கு முதல் பாதிதான் காதில் ஏறியது.

ஞாயிறன்று பீர்க்கன்கரணையில் மச்சினன் மகளுக்குச் சீமந்தம். சீர்த்தட்டில் பொருவிளங்காய் உருண்டை — துணியில் சுற்றி, குழவியால் தட்டித் தின்ன வேண்டிய வஸ்து.

"இன்னா மச்சான், புதுப் பல்லுக்கு ஒரு டெஸ்ட் வெச்சிடலாமா?" மச்சினன் சீண்டினான்.

"வேணாங்க, குழவி எடுத்துட்டு வரேன்" என்றாள் என் மனைவி பத்மா.

"நீ சும்மா இரு. இது ஜிர்கோனியா!" எங்கள் வீட்டில் நான் சொன்னால் சொன்னதுதான். முழு உருண்டையைக் கடித்தேன்.

டக்!

உருண்டை இரண்டானது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் கண்ணில் தண்ணீர்.

மறுநாள் எக்ஸ்ரே வரும்வரை உயிர் என்னிடம் இல்லை. விரிசல் வேர்வரை போயிருந்தால் பல்லைப் பிடுங்க வேண்டும். அப்புறம் காலமெல்லாம் குழைந்த ரசம் சாதம்தானே? நல்ல வேளை... பல் தப்பியது.

"கேப்ல ஒரு கீறல்கூட இல்ல சார். அது தன்னோட விரிசலைத்தான் நிறுத்திக்கும். எதிர்ல இருக்கிறதுக்கு அந்த வசதி இல்லையே, அடி மொத்தம் அதுக்குத்தான்" என்றார் டாக்டரம்மா. "பேசாம கீழயும் ஒரு கேப் போட்டுடலாம்."

பக்கத்து நாற்காலியிலிருந்து பத்மா சொன்னாள்: "அப்படியே எனக்கும் ஒண்ணு போடுங்க டாக்டர். இவருக்கு எதிர்ல இத்தனை வருஷமா நான்தானே இருக்கேன்!"