பஸ்ராவுக்குப் போனவரும் ஓட்டை இலைச் செடியும்

ஈரத்துணியால துடைச்சா அந்த இலை 'கீச்'சுன்னு கத்தும்...

ஒவ்வொரு இலையும் முறம் அகலம். பாளையங்கோட்டையில எங்க வாடகை வீட்டு முன்ரூம்ல, ஜன்னல் பக்கத்துத் தொட்டியில நின்னுச்சு அந்தச் செடி.

எனக்கு அப்பதான் கல்யாணம் ஆன புதுசு. எங்க வீட்டுக்காரர் கலெக்டர் கச்சேரியில கிளார்க்கு. ஒரு தொரை சீமைக்குத் திரும்பும்போது பங்களாவுல இருந்த தொட்டியெல்லாம் ஆளாளுக்குக் குடுத்துட்டாரு. எங்க வீட்ல அவிய ஒண்ணைத் தோள்ல சுமந்துட்டு வந்தாவ. பாத்தா, இலையெல்லாம் ஓட்டை!

"பூச்சி அரிச்சதையா கொண்டாந்திய?"ன்னேன்.

"பூச்சி இல்லளா, அதுக்குப் பிறவியே அப்படித்தான். வெயில் படாம வீட்டுக்குள்ளயே வளக்கணுமாம்."

நான் களக்காட்டுக்காரி. வாழைத்தோட்டத்துக்கு நடுவுல வளந்தவ. செடிய வீட்டுக்குள்ள வைக்கதை அன்னைக்குத்தான் பாத்தேன்.

அந்த வருஷமே ஜெர்மன் யுத்தம் வந்துட்டு. பட்டாளத்து ஆபீஸ் வேலைக்கு ஆள் எடுத்தாவ. இவிய பேர் குடுத்துட்டாவ. பஸ்ராவாம், அரபு தேசத்துல... கப்பல்ல போகணுமாம்.

கிளம்புத அன்னைக்கு பெட்டிய எடுத்துக் குடுத்தேன். அவியளுக்கு என்ன சொல்லன்னு தெரியல போல. செடியப் பாத்து, "இதை நல்லாப் பாத்துக்கோ"ன்னாவ. அவ்வளவுதான்.

அந்த ஒரு வார்த்தைய நான் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். செடி நல்லா இருந்தா அவிய நல்லா இருப்பாவ... ஞாயித்துக்கிழமை வேதக்கோயில்ல முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுதவளுக்கு இப்படி ஒரு நம்பிக்கை வரலாமா? வந்துட்டே!

அவிய நினைப்பு வரும்போதெல்லாம் ஒரு செம்பு தண்ணி ஊத்துவேன். நினைப்பு வராத நேரம்னு ஒண்ணு உண்டுமா?

பையப் பைய அவிய கடுதாசி குறைஞ்சுது. பெறவு நின்னே போச்சு. அதே சமயத்துல இலை மஞ்சளாச்சு. ஒண்ணு விழுந்துச்சு... அடுத்தது விழுந்துச்சு. தண்டைத் தொட்டா கொழகொழன்னு ஒரே நாத்தம். தரையில உக்காந்து அலறிட்டேன்.

பக்கத்து வீட்டு பாத்திமா ஓடி வந்தா. காயல்பட்டினத்துக்காரி, என் வயசுதான். அவ மாப்பிள்ளைக்குக் கொழும்புல வியாபாரம். நான் அழுதுக்கிட்டே விஷயத்தைச் சொன்னேன்.

"ஏளா, நீ ஊத்துன தண்ணிக்கு நெல்லே அழுகியிருக்கும்! அதுக்கும் அவியளுக்கும் என்ன சம்பந்தம்?"ன்னா.

சொல்லிட்டு என் பக்கத்துலயே உக்காந்தா. குரல் இறங்கிட்டு. "எங்க வீட்ல அவிய மொதத் தடவ கப்பல் ஏறுனப்போ, குடிச்ச டம்ளரைக் கழுவாமலே வச்சிருந்தேன். கழுவுனா ஏதாவது ஆயிரும்னு பயம்... எறும்பு மொய்ச்சதுதான் மிச்சம்."

அழுகையோட சிரிச்சேன்.

அழுகுன தண்டை ரெண்டு பேருமா அரிவாள்மணையில நறுக்கித் தள்ளுனோம். மேல ஒரு துண்டு மட்டும் உறுதியா இருந்துச்சு. கணுவுல சின்னதா வேர்முளை. அதைக் கண்ணாடிக் குப்பியில தண்ணி ஊத்தி நிறுத்துனோம். ஐப்பசி மழைக்கு ஆத்துல வெள்ளம் போன சமயம், வெள்ளை வெள்ளையா வேர் விட்டுச்சு. ஆத்து மணல் கலந்து தொட்டியில நட்டோம். மண்ணுக்குள்ள விரலை விட்டுப் பாத்து, காஞ்சிருந்தா மட்டும் தண்ணி.

ஒரு நாள் காலையில சுருட்டு மாதிரி சுருண்டு ஒரு குருத்து! பாத்திமாவைக் கூப்பிட்டேன். அது பைய விரியுததை ரெண்டு பேரும் தினமும் உக்காந்து பாத்தோம். கடுதாசி அப்பவும் வரல. ஆனா, 'அதான் இலை வந்துட்டுல்லா'ன்னு எனக்குச் சோறு இறங்குச்சு.

யுத்தம் முடிஞ்சு அவிய வந்தாவ. காய்ச்சல்ல பாதி ஆளா... தலையெல்லாம் நரைச்சு. நாற்காலியில உக்காந்து தண்ணி குடிச்சாவ. கூரை உயரத்துக்கு நின்ன செடியப் பாத்தாவ.

"இது என்ன செடிளா? புதுசா இருக்கு?"

"நீங்க கொண்டாந்ததுதான்."

"நானா?"

சிரிப்பு வந்துட்டு எனக்கு... சிரிச்சுச் சிரிச்சு, கடைசியில விசும்பி விசும்பி அழுதேன். அவியளுக்கு ஒண்ணும் புரியல. "என்னளா... என்னளா"ன்னு என் தலையத் தடவிக்கிட்டே இருந்தாவ.

இப்ப அவிய இல்ல. நான் மெட்ராஸ்ல மகன் வீட்ல இருக்கேன். மருமக ஹால் முழுக்க பெரிய இலைத் தொட்டியா வச்சிருக்கா. மகன் பம்பாய்க்கு ஏரோப்ளேன்ல போறான். போய்ச் சேந்ததும் போன்ல டிரங்க் கால் வந்துருது. அவ ரெண்டு வார்த்தை பேசிட்டு ரேடியோவைத் திருப்புதா. அவளுக்குச் செடி வெறும் செடிதான்.

நல்லதுதான். அப்படியே இருக்கட்டும்.

ஆனா அவ தண்ணி ஊத்தும்போது மட்டும், "போதும்ளா... போதும்"னு என் வாய் வரைக்கும் வந்துருது.