ஆறாவது சிஸ்டத்தில் இருந்த விமானம்

பெரம்பலூர்ப் பிள்ளைகளுக்கு விமானத்தின் மேல் இருந்த ஆசையைக் கெடுத்தவன் நீ. கூட நின்று கெடுத்தவன் நான். உன் பெயரை எழுதவில்லை. படித்தால் உனக்கே தெரியும்.

இரண்டாயிரத்தில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து பெரம்பலூரில் கம்ப்யூட்டர் சென்டர் ஆரம்பித்தோம். காலேஜில் ஒரே பெஞ்சு. நீ உள்ளூர், நான் அரியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். மொத்தம் ஆறு சிஸ்டம். ஆறாவதில் விமானம் ஓட்டும் கேமைப் போட்டு, திருச்சியில் வாங்கிய ஜாய்ஸ்டிக்கை மாட்டியது நான்.

முதல் வருஷம் அந்த நாற்காலிக்கு அடிதடியே நடந்தது. டைப்பிங் பழக வந்த பையன்கள்கூட வகுப்பு முடிந்ததும் அதன் பின்னால் போய் நின்றுகொள்வார்கள். எல்லோருக்கும் முதலில் சொந்த ஊரை மேலிருந்து பார்க்க வேண்டும். அந்த கேமில் பெரம்பலூர் ஏது? திருச்சியைத் தாண்டினால் வெறும் பழுப்புத் தரைதான்.

"அதோ அரியலூர் சார்!"

"எப்படிடா சொல்ற?"

"புழுதியா தெரியுதுல்ல சார், சிமெண்ட் பேக்டரி."

எல்லோரும் சிரிப்பார்கள். அரியலூர்க்காரனான நானும் சிரிப்பேன்.

மூன்று வருஷத்தில் அந்தக் கூட்டம் கரைந்துபோனது. கார் ரேஸ் வந்தது, சுடுகிற கேம் வந்தது, பிறகு சாட்டிங். "சும்மா பறந்துக்கிட்டே இருக்கு, போர் சார்" என்றான் ஒருவன். அவனைக் குறை சொல்ல மாட்டேன். விமானத்தைக் கிளப்ப மட்டும்தான் நாம் சொல்லிக்கொடுத்தோம். இறக்க நமக்கே தெரியாது. இடித்து இடித்துப் பையன்கள் அலுத்துப்போனார்கள். சி.டி.யோடு ஒரு தடிப் புத்தகம் வந்திருந்தது. அதன் பிளாஸ்டிக் உறையைக்கூட நான் பிரிக்கவில்லை.

பிரித்தவள் ஒரு பெண். லெப்பைக்குடிக்காட்டிலிருந்து சனிக்கிழமைதோறும் வருவாள். பதினொன்றாம் வகுப்பு. அவள் அப்பா சவுதியில் வேலை பார்த்தார். எத்தனை அடி உயரத்தில் எவ்வளவு வேகம் இருக்க வேண்டும் என்று பிசிக்ஸ் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிவைத்துக்கொண்டு, இறக்குவதை மட்டும் திரும்பத் திரும்பப் பழகுவாள். ஒருநாள் அப்படி இறக்கிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய், யு.பி.எஸ். அலற ஆரம்பித்தது.

"ஆப் பண்ணும்மா, பேட்டரி போயிடும்" என்று நீ கத்தினாய்.

"நடுவானத்துல எப்படி சார் ஆப் பண்றது? இருங்க, இறக்கிட்டுத் தரேன்."

இறக்கிவிட்டுத்தான் எழுந்தாள். பைலட் ஆக என்ன படிக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நீ சிரித்தாய்.

"உங்க ஊர்ல எல்லாரும் ப்ளைட்டு ஏறுவாங்க. நீ ஓட்டப் போறியாக்கும்?"

"ஏறுனவங்களைக் கொண்டுபோயி விட ஒரு ஆளு வேணும்ல சார்."

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விசாரிக்கவே இல்லை.

அடுத்த மாதம் அவள் அம்மா வந்தார். பிள்ளை எப்படிப் படிக்கிறது என்று கேட்டார். "நல்லாப் படிக்குதும்மா. ப்ளைட்டு ஏறணும்னு ஒரே ஆசை அதுக்கு" என்றேன்.

இந்தப் பக்கத்தில் 'ப்ளைட்டு ஏறிட்டான்' என்றால் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டான் என்று அர்த்தம். லெப்பைக்குடிக்காட்டில் அதையே சபர் என்பார்கள். நான் ஓட்டணும் என்று சொல்லியிருக்க வேண்டும். ஏறணும் என்று வாயில் வந்துவிட்டது.

அந்த அம்மாவின் முகம் மாறியது. "சபருக்கா? பொட்டப்புள்ள சபருக்குப் போறேன்னுச்சா? அவ அத்தா இத்தன வருசமா அங்க கெடக்குறது பத்தாதா?"

அவர் என்ன புரிந்துகொண்டார் என்பது அந்த நொடியே எனக்குத் தெரிந்தது. இல்லம்மா, ஓட்டுறதுக்குப் படிக்கணும்னு சொல்லுது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். நீ முழங்கையால் இடித்தாய். நான் வாயை மூடிக்கொண்டேன். இங்கே கேம் ஆட விடுகிறார்கள் என்று ஊரில் பேச்சாகி, பெண்பிள்ளைகள் வருவது நின்றுவிடுமோ என்ற பயம். அந்தப் பயம் உனக்கு மட்டும் இருந்தது என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை.

"விடு மாப்ள, ஒரு சிஸ்டம் மிச்சம்" என்றாய். அன்றைக்கே கேமை நீ அழித்தாய். ஜாய்ஸ்டிக்கைப் பெட்டியில் போட்டு பரண்மேல் ஏற்றியது நான்.

முழுப்பரீட்சை முடிந்து ஒருநாள், பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதென்று உள்ளே வந்தாள்.

"சார், அந்த ப்ளைட்டு இருக்கா?"

"எடுத்தாச்சும்மா. யாரும் கேக்கல" என்றேன்.

"நான் கேக்குறேனே சார்."

நீ மானிட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவள் என்னைத்தான் பார்த்தாள்.

"நான் சபருக்குப் போகணும்னு அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"ப்ளைட்டு ஏறணும்னுதாம்மா சொன்னேன்."

"ரெண்டும் ஒன்னுதானே சார். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா" என்றேன்.

அவள் நம்பவில்லை. "சரி சார், வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு வரவே இல்லை. என்ன படித்தாள், எங்கே இருக்கிறாள், எதுவும் எனக்குத் தெரியாது. லெப்பைக்குடிக்காட்டுக்குப் போய் விசாரிக்க அரை நாள் போதும். எந்த முகத்தோடு போவது?

சென்டரை மூடி ஒரு வருஷம் ஆகிறது. இந்த வருஷம், 2007-இல், அரியலூரில் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்கு உன்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். நானும் வந்திருந்தேன். "இப்ப உள்ள பிள்ளைகளுக்கு வானத்தை நிமிர்ந்து பார்க்கவே நேரம் இல்லை. எங்க சென்டர்ல விமானம் ஓட்டுற சாப்ட்வேர் வச்சிருந்தோம். ஒருத்தர்கூடத் தொடலை" என்றாய். முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஏதோ தப்புச் செய்தவர்கள் மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீ பேசி முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்தும் அந்தக் கைகளைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நிறையப் பேர் விட்டுவிட்டுப் போனார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஒருத்தி போகவில்லை. நான் அவளிடம் சொன்ன பொய்யை இங்கே ஊர் அறிய எழுதிவிட்டேன். நீ எனக்கு போன் பண்ணாதே, வீட்டுக்கு வந்து சமாதானம் பேசாதே. அந்தப் பள்ளிக்குப் போ, அதே பிள்ளைகளை உட்காரவை, மைக்கைப் பிடித்துச் சொல்: ஒருத்தரும் தொடவில்லையா, தொட்டவளை நாம் துரத்தினோமா?