நண்பர் பண்ணைக் கோழிகள்

எங்கள் பண்ணையின் தீவன அறை ஜன்னலில், தடித்த பிளாஸ்டிக் பைக்குள் ரப்பர் பேண்டு போட்ட போன் ஒன்று இருக்கிறது. தூசி புகக்கூடாது என்று என் மாமனார் போட்ட பை அது. அதற்குள்ளிருந்து பேசினால் எதிரில் இருப்பவருக்குக் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவது போலக் கேட்கும். அதைப் பற்றி அவருக்குக் கவலை இருந்ததில்லை. பையில் ஒரே ஒரு இடம் மட்டும் மங்கிப் போயிருக்கிறது. பேசுவதற்காக அவர் கட்டைவிரலை வைத்து அழுத்திய இடம்.

நாமக்கல்லுக்கும் பரமத்தி வேலூருக்கும் நடுவே இருக்கிறது எங்கள் முட்டைக்கோழிப் பண்ணை. மாமா எதையும் நேராகச் சொல்லமாட்டார். எங்கள் பக்கத்தில் பண்ணை வைத்திருக்கும் யாருமே சொல்லமாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். கோழிக்கு உடம்பு சரியில்லை என்று வெளியே தெரிந்தால் முட்டை வியாபாரி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார், பக்கத்துப் பண்ணைக்காரர் நம் வாசலை மிதிக்கக்கூடப் பயப்படுவார். அதனால் எல்லாருக்கும் ஒரு நண்பர் இருப்பார். அந்த நண்பர் பண்ணையில்தான் எல்லா நோயும் வரும். மாமாவுக்கு இது நாக்கிலேயே ஊறிவிட்டது. தனக்குப் பல்வலி வந்தபோதுகூட மருந்துக் கடையில் நண்பருக்கு என்று சொல்லித்தான் மாத்திரை வாங்கினார், வீங்கிய கன்னத்தோடு.

நான் பிரசவத்துக்காகச் சூரமங்கலத்தில் என் அப்பா வீட்டில் இருந்துவிட்டுக் கோடையில்தான் கைக்குழந்தையோடு திரும்பினேன். அப்பா ரயில்வேக்காரர். அந்தக் குடியிருப்பில் ஒரு வீட்டில் குழம்பு தீய்ந்தால் வரிசை முழுவதும் தெரியும். அங்கிருந்து வந்தவளுக்கு எங்கள் வீட்டு மௌனம் எப்போதுமே கொஞ்சம் மூச்சு முட்டும். அந்த முறை அது இன்னும் கனமாக இருந்தது. ஷெட்டுக்குள் போய்ப் பார்த்தபோது புரிந்தது. கூண்டுகளின் முன்னால் உருண்டு கிடந்தவற்றில் பாதி தோல்முட்டை, விரல் பட்டால் அமுங்கியது. எச்சம் தண்ணீராய்ப் போயிருந்தது. கோழிகள் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. கால்நடை டாக்டர் வந்து பார்த்து மருந்து கொடுத்திருந்தார். முட்டை ஓடு கெட்டிப்பட மாமா தீவனத்தில் கிளிஞ்சலைக் கூட்டிப் போட்டிருந்தார். எதற்கும் கேட்கவில்லை. கடைசியில், முட்டை ஓய்ந்த கோழிகளைக் கறிக்கு வாங்கும் கழிவுக்கோழி வியாபாரியிடம் சொல்லிவிட்டார். மறுநாள் லாரி வந்து ஷெட்டைக் காலி செய்துவிடும்.

“இதுக போச்சுன்னா இனி குஞ்சு எறக்கி வளத்தற தெம்பு எனக்கில்லை அம்மணி. ஷெட்டைப் பூட்டீர வேண்டீதுதான்,” என்றார். சாப்பிட்ட தட்டில் சோறு அப்படியே இருந்தது. பண்ணை இல்லாமல் அந்த மனிதர் காலையில் எழுந்து எங்கே போவார்?

கேட்டால் பதில் சொல்லும் ஏஐ செயலி ஒன்றை மாமாவின் போனில் போட்டுக் கொடுத்திருந்தார் என் கணவர். அவர் அப்போது ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டியோடு வடக்கே வேலையில் இருந்தார். அன்று மத்தியானம் மாமா பையோடு போனைத் தூக்கி வாயருகே வைத்து, “ஏனுங்க, ஒரு நண்பர் பண்ணையிலெங்க, முட்டை கொறையுது. என்ன காரணமுங்க?” என்றார். வெயில், வெளிச்சம், தீவனம், தடுப்பூசி, வயது என்று நீளமாகப் பதில் வந்தது. “இதையத்தான் தீவனக் கம்பெனி காலண்டர்லயே போட்டிருக்கானே,” என்று போனைக் கட்டிலில் போட்டார். எனக்குக் கோபம் வந்தது, பதிலின் மேல் பாதி, அவர் மேல் பாதி.

திருமணத்துக்கு முன் திருச்செங்கோட்டில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் இருந்தபோது நான் இதே மாதிரிச் செயலியோடு தினமும் மல்லுக்கட்டியிருக்கிறேன். நாம் பொத்தாம்பொதுவாகக் கேட்டால் அதுவும் பொத்தாம்பொதுவாகத்தான் பேசும். போனை எடுத்து நானே எழுதினேன். கோழிகளின் வயது, ஷெட்டின் அமைப்பு, என்ன தீவனம், தோல்முட்டை, எச்சம், டாக்டர் கொடுத்த மருந்து, கிளிஞ்சல் போட்டும் கேட்காதது எல்லாவற்றையும் சொல்லி, காரணங்களை அடுக்க வேண்டாம், உனக்கு இன்னும் என்ன தெரிய வேண்டுமோ அதை ஒவ்வொன்றாகக் கேள், பிறகு சொல் என்று முடித்தேன். கேட்க ஆரம்பித்தது. நான் படித்தேன், மாமா பதில் சொன்னார், நான் தட்டினேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அடுத்த கேள்வி, சமீபத்தில் கோழிகளுக்குக் கொடுக்கும் தண்ணீர் வேறு இடத்திலிருந்து வருகிறதா என்பது.

“இல்லீன்னு போடு.”

கேள்வியை நான் படித்து முடிப்பதற்குள் மாமாவின் பதில் வந்துவிட்டது. பின்னால் அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மாமியாரின் முறம் நின்றது. நான் தட்டவில்லை. அத்தை என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். எங்கே உடையும் என்று தெரியாத ஒன்றின் முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.

“மாமா, இல்லைன்னு போட்டா அதை நம்பித்தானுங்க மேல பேசும். நம்ம கோழி அது கண்ணுக்குத் தெரியாதுங்க.”

அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். பிறகு தணிந்த குரலில், “இதுகிட்டச் சொன்னா ஊருக்குச் சொல்லிப்போடாதா?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது. “பேரு வேண்டாம், ஊரு வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்லுங்க,” என்றேன். போனை வாங்கிக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். கட்டைவிரல் அழுத்தியது.

“ஏனுங்க, மறைக்காமச் சொல்றனுங்க. நண்பர் பண்ணை இல்லீங்க, என்ற பண்ணைதானுங்க. தம்பிக்கும் எனக்கும் ஒரே கெணறு. பக்கத்துல யாரும் போர் போடறதில்லீன்னு கோயில்ல வச்சுப் பேசுனதுங்க. கெணத்துல தண்ணி எறங்கிருச்சு. தம்பி குடும்பம் கல்யாணத்துக்குப் போன அன்னைக்கு ரிக்கை வரச்சொல்லிப் போர் போட்டுட்டனுங்க. அந்தத் தண்ணியைத்தான் கோழிக்கு உடறேன். டாக்டர்கிட்டக்கூடக் கெணத்துத் தண்ணீன்னுதான் சொன்னனுங்க.”

பெற்ற மகனே ரிக் வண்டியில் இருக்க, வேறு யாரோ ஒருவருடைய வண்டியை வைத்துப் போட்ட போர். மகனுக்கும் தெரியாது.

பதில் அவரைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் உப்பு மிகுந்திருந்தால் இப்படி முட்டை ஓடும் எச்சமும் கெடலாம், ஆனால் இங்கிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது என்றது. இரண்டு தண்ணீரையும் பரிசோதிக்க வேண்டும், முடிந்தால் வேறு தண்ணீருக்கு மாற்றிப் பார்க்க வேண்டும், கோழிகளை அனுப்புமுன் இதை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றது. டாக்டருக்குப் போன் போட்டேன். அவர், “இதைய மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே,” என்றார். இரண்டு பாட்டில் தண்ணீரோடு பஸ் ஏறி நாமக்கல் போனேன். போர்த் தண்ணீர் உப்பு என்று அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. மருந்து வேண்டாம், முதலில் தண்ணீரை மாற்றுங்கள் என்றார் டாக்டர்.

மாற்றுவதற்குக் கிணற்றை விட்டால் வழியில்லை. அண்ணனும் தம்பியும் முறை வைத்து இறைக்கும் அந்தக் கிணற்றில் ஒரு முறைக்குத்தான் தண்ணீர் இருந்தது, அந்த முறை தம்பியுடையது. லாரியோ விடிந்தால் வந்துவிடும். மாமா மறுபடி போனை எடுத்தார். “தம்பிகிட்ட எப்படிங்க கேக்கறது?” அது மதிப்புக்குரிய தம்பிக்கு என்று தொடங்கி மேடைப் பேச்சு ஒன்றை எழுதித் தந்தது. “இப்படிப் பேசுனா எனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு ஆசுபத்திரிக்குக் கூட்டீட்டுப் போயிருவான்,” என்றார். தம்பி எப்படிப்பட்டவர் என்று சொன்னால் அதற்குத் தகுந்த மாதிரிச் சொல்லும் என்றேன். யோசித்தார். “அவன் எப்படின்னு இதுகிட்டச் சொல்ற நேரத்துல அவங்கிட்டயே சொல்லிப்போடலாம்,” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலியைத் தாண்டி நடந்தார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

அவர் தம்பி, எங்கள் சின்ன மாமா, கிணற்று மோட்டார் அறைக்கு வெளியே நின்றிருந்தார். மாமா சுற்றி வளைக்காமல் போர் போட்டதைச் சொன்னார், கோழியைச் சொன்னார், தண்ணீர் வேண்டும் என்றார். சொல்லிவிட்டு அடி வாங்கப் போகிறவர் போல நின்றார்.

“தெரியுங்கண்ணா,” என்றார் சின்ன மாமா. “கல்யாணத்துல இருந்து வந்து பாத்தா, கொடியில போட்டுட்டுப் போன துணியெல்லாம் கல்லுத்தூளு. ரிக் ஓட்டுனா ஊட்டுக்குள்ள தூசி வராதுங்களா? நீங்களா வந்து சொல்லோணும்னு பாத்துட்டு இருந்தேன்.” குனிந்து வால்வை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார். மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

எனக்கு அப்போது அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. யாரிடம் மறைத்தாரோ அவருக்கு முதல் நாளே தெரியும். தெரியாமல் இருந்தது டாக்டருக்கும் எனக்கும் அந்தப் போனுக்கும்தான், அதாவது எதையாவது செய்யக்கூடியவர்களுக்கு. லாரிக்காரரை வர வேண்டாம் என்றோம், அவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். கோழிகள் மெல்லத் தேறின, கொஞ்சம் தேறாமலும் போயின. ஷெட்டைப் பூட்டவில்லை. போரை மாமாவே மூடி போட்டு அடைத்தார்.

அதற்குப் பிறகு மாமா அந்தப் போனிடம் எதைக் கேட்டாலும், “மறைக்காமச் சொல்றனுங்க,” என்றுதான் ஆரம்பிப்பார். இதனிடம் எப்படிக் கேட்டால் நல்ல பதில் வரும் என்று இப்போது ஆளாளுக்குச் சொல்கிறார்கள். நான் கண்டது அவ்வளவுதான். வெட்கமாக இருப்பதை முதலில் சொல்ல வேண்டும், அது கேட்பதற்கு இடம் கொடுக்க வேண்டும், அது சொன்னதை மனிதர்களிடம் கொண்டுபோய்ச் சரிபார்க்க வேண்டும்.

மாமா போன ஐப்பசியில் இறந்துவிட்டார். பண்ணையைச் சின்ன மாமா பார்த்துக்கொள்கிறார். எல்லாம் தெரிந்தவர் போலத்தான் இத்தனை நாளும் நடந்துகொண்டார். நேற்று நான் தீவனம் எடை போட்டுக்கொண்டிருந்தபோது வந்து, ஜன்னலில் இருந்த போனை எடுத்து, “ஏனுங்க, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு பண்ணையிலெங்க…” என்று ஆரம்பித்தார். என் கை நின்றது. அதை அவர் பார்த்துவிட்டார். போனை இறக்கி, பையைத் துண்டு நுனியால் துடைத்தார். மங்கிப் போன அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தார்.

“மறைக்காமச் சொல்றனுங்க. எங்க அண்ணன் பண்ணைங்க. அவரு இப்ப இல்லீங்க. கோழி தீவனம் எடுக்கமாட்டீங்குது. எனக்கு ஒண்ணும் தெரீலீங்க.”

போன் முதல் கேள்வியைக் கேட்டது. சின்ன மாமா ஒரு தீவன மூட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.