வலது செருப்பில் இருந்த பிரேக்

'சர்ர்ர்' என்று செருப்பு தரையில் தேயும் சத்தம்தான் எங்கள் வீட்டில் மாலை ஆறு மணி. ஆமத்தூரில் எங்கள் தெருமுனையில் அது கேட்டால், பட்டாசுக் கம்பெனியிலிருந்து அம்மா பழைய மொபெட்டில் திரும்பிவிட்டாள் என்று அர்த்தம். நான் புத்தகத்தை மூடிவிட்டு டீக்குத் தண்ணீர் வைப்பேன். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள், வாசலில் கிடந்த அவளுடைய செருப்புகளைத் தாண்டப் போனவள் அப்படியே நின்றேன். இடது செருப்பு புதிதுபோல் இருக்க, அதே ஜோடியின் வலது செருப்பில் குதிகால் பக்கம் தேய்ந்து ஓட்டையே விழுந்திருந்தது. அம்மா வண்டியின் பிரேக் சக்கரத்தில் இல்லை, செருப்பில் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

கேட்டதற்கு அம்மா மழுப்பினாள். தினமும் அவள் பின்னால் உட்கார்ந்து அதே கம்பெனிக்குப் போகும் பக்கத்து வீட்டு முத்துலட்சுமி அத்தைதான் போட்டு உடைத்தாள்.

"நேத்து ரயில்வே கேட்டுல லோடு லாரிக்குள்ளயே போயிருப்போம் புள்ள. உங்கம்மா ஒத்தக் கால ஊன, நான் ரெண்டு காலயும் ஊன, மூணு காலு ஆட்டுக்குட்டியாட்டம் நின்னோம்."

"மதினி, புள்ளைட்ட போயி இதெல்லாம் சொல்லுவீகளா?" என்றாள் அம்மா.

தீபாவளி 'சீசன்' என்பதால் அம்மாவால் லீவு போட முடியாது. ஒர்க்ஷாப்புக்கோ ஞாயிறு விடுமுறை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை நானே மாற்றிவிடுவதென்று முடிவு செய்தேன். செல்போனில் நாலைந்து வீடியோ பார்த்ததுதான் என் படிப்பு. விருதுநகரில் பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு ஓடி, சக்கரத்தை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் புதுப் பிரேக் ஷூ ஒரு ஜோடி வாங்கிவந்தேன்.

ஞாயிறு காலை நான் ஸ்பானரை எடுத்ததும், அம்மா தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலோடு வந்து உட்கார்ந்தாள். பட்டாசுக்குப் போடும் வெள்ளி மருந்துப் பொடி தோலில் அப்பிக்கொள்ளாமல் இருக்க, வேலைக்குப் போகுமுன் தினமும் அவள் கைக்கு எண்ணெய் தேய்ப்பது வழக்கம். "கரி அம்புட்டும் ஒட்டிக்கிரும் புள்ள, கையக் காட்டு" என்று என் விரலிடுக்குகளிலும் நகக்கண்களிலும் விட்டு, முழங்கை வரை உருவிவிட்டாள். அந்தக் கையோடுதான் பின்சக்கரத்தைக் கழற்றினேன். எலும்பாய்த் தேய்ந்திருந்த பழைய ஷூக்களைப் பிடுங்கினேன். பிறைபோல் வளைந்த புதியவற்றை ஆசையாகத் தடவித் தடவிப் பொருத்தினேன்.

அம்மா தெருமுனை வரை ஓட்டிப்போய்த் திரும்பினாள். பிரேக்கைப் பிடித்தாள். வண்டி நிற்கவில்லை. 'சர்ர்ர்' என்று அதே செருப்புச் சத்தம். சக்கரத்திலிருந்து காய்ச்சிய எண்ணெய் வாசம் வேறு; என் கை எண்ணெய் ஷூவில் ஏறி வழுக்கியிருந்தது.

"ஏட்டி, சக்கரத்துக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டினியா?" என்று எட்டிப் பார்த்த அத்தை சிரித்தாள்.

விடிந்தால் அம்மாவும் அத்தையும் இதே வண்டியில் அதே ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். அம்மா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நாந்தான புள்ள தேச்சுவிட்டேன்" என்றாள் மெதுவாக.

அம்மாவும் நானும் சோப்புப் பொடி போட்டுக் கையைக் கழுவினோம். ஷூக்களையும் அவை உள்ளே உரசும் டிரம்மையும் கழுவி வெயிலில் காயவைத்தேன். மேற்பரப்பில் மினுமினுப்பு போகவில்லை; உப்புத்தாளால் உரசியாக வேண்டும். முதல் உரசலிலேயே அம்மா அதிர்ந்து, "உரசாத!" என்று கத்திவிட்டாள். பட்டாசு மருந்து கலக்கும் ரூமில் பல வருஷப் பழக்கம். உரசல் என்றாலே அவளுக்கு நெருப்பு. பிறகு தானே எழுந்து, கொடியில் கிடந்த, மருந்துப் பொடி படிந்த தன் வேலைச் சேலையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, "இங்கன கொண்டா" என்று உப்புத்தாளை வாங்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை இடுக்கி, சொரசொரப்பு வரும்வரை அவளே உரசினாள்.

சாயங்காலம் மறுபடி தெருமுனை வரை போனாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். செருப்புச் சத்தமே இல்லை. வண்டி என் முன்னால் வந்து நின்றிருந்தது. இரண்டு கால்களும் மிதியில் இருந்தன.

இப்போது நான் பாலிடெக்னிக் கடைசி வருஷம். அம்மா இன்னும் அதே வண்டியில்தான் போகிறாள். செருப்புகள் இரண்டும் ஒன்றுபோலத் தேய்கின்றன. அவள் வருவதை முன்கூட்டிச் சொல்லும் அந்தச் சத்தம் மட்டும் எங்கள் மாலைகளில் இல்லை. அவள் வாசல் ஏறிய பிறகே டீக்குத் தண்ணீர் வைக்கிறேன்.

பின்சக்கரப் பிரேக் மறுபடி தேய ஆரம்பித்திருக்கிறது. வருகிற ஞாயிறு மாற்றப்போகிறேன். எப்படியும் அம்மா எண்ணெய்ப் பாட்டிலோடு வந்து உட்காருவாள். கையை நீட்டிக்கொடுத்து, அவள் முழங்கை வரை தேய்த்து முடித்த பிறகு, மேலே கையுறை போட்டுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.