மாடி ரூமில் ஊமச்சி

அன்னக்கிளிக்கு மெல்லப் பேசத் தெரியாது. சொந்த ஊர் பழையகாயல் கழிமுகம். ஒரகடம் கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் லைனில் நாலு வருஷம் நின்றதில் குரல் இன்னும் ஏறிவிட்டது. மண்ணூரில் மாடி ரூம் வாடகை. கீழே வீட்டுக்கார முனியம்மாள், வாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போனவர். அவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஷிப்ட் முடிந்து வரும் அன்னக்கிளி, நான் ஒரு பக்கம் பிடித்தால் கேட்காமலே மறுபக்கம் பிடித்துத் திருப்பிவிடுவாள். முனியம்மாளுக்கு முதுகில் புண் வராததில் பாதி அவள் கைக்குச் சேரும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனவள், அலையாத்திக் காட்டுச் சேற்றில் பொறுக்கிய நத்தைகளை அவித்துத் தின்ன ஈரச் சாக்கில் கொண்டுவந்தாள். முறுக்கிய கொம்பு போல நீள ஓடு. மூடியைச் சாத்திக்கொண்டு தண்ணீரில்லாமலும் சில நாள் கிடக்கும்.

மறுநாள் மோட்டாரைப் போட்டுவிட்டு, தொட்டியைப் பார்க்க மாடியேறினான் முனியம்மாளின் மகன் திருமலை. அன்னக்கிளி தன் அம்மாவிடம் போனில் கத்திக்கொண்டிருந்தாள்.

"ஊமச்சி இன்னும் சாவலம்மா. வாய மூடிக்கிட்டு கெடக்கு. அவிக்கத்தான் மனசு வரல."

தன் அம்மாவைத்தான் சொல்கிறாள் என்று திருமலை கொதித்துப்போனான்; அவிக்கிற பேச்சு அவன் காதில் ஏறவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் ரூமைக் காலி செய்யச் சொல்லிவிட்டு இறங்கினான். தனியாக இருக்கும் பெண்ணுக்குக் கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் வேறு ரூம் லேசில் கிடைக்காது. அவளும் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"அண்ணாச்சி, நான் ஊமச்சியத்தான் சொன்னேன்."

"இன்னா தைரியம் பாரு. மூஞ்சிக்கு நேராவே சொல்றா."

எனக்கும் சுருக்கென்றது. ஆனால் முனியம்மாளை அப்படித் திருப்பிவிடுகிறவள் இப்படிப் பேசுவாளா? எதைச் சொன்னாய், காட்டு என்றேன். நத்தைகளைப் போட்டிருந்த வாளியைத் தூக்கி வந்தாள். அவர்கள் ஊரில் நத்தைக்குப் பெயரே ஊமச்சிதானாம்.

ஒன்றைக் கழுவித் தட்டில் போட்டு முனியம்மாள் முன் வைத்தேன். கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு மூடியை விலக்கி ஊர்ந்தது. முனியம்மாள் இடது கையால் அதைக் காட்டினார், தன்னைக் காட்டினார், ஒற்றை விரலை நிமிர்த்தினார். பாதி வாயால் சிரித்ததில் எச்சில் வழிந்தது. துடைத்துவிட்டேன்.

"அண்ணாச்சி, வீட்டுக்கு ஒரு ஊமச்சி போதும்னு ஆச்சி சொல்லுதாவ."

திருமலை வாயைத் திறப்பதற்குள் மாடியிலிருந்து தண்ணீர் கொட்டியது. மோட்டாரை மறந்துவிட்டிருந்தான். ஓடினான். காலி செய்யும் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை. நத்தைகளை மட்டும் ஊரில் விட்டுவரச் சொன்னான்.

அந்த வார லீவிலேயே கொண்டுபோய்க் கழியில் விட்டாள். விட்ட சேதியைத் திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள். தெருவுக்கே கேட்டது.