எட்டாம் வகுப்பில் பதினெட்டுப் புள்ளி

சர்வகலாசாலைப் பிரவேசப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கத் தலைமை ஆசிரியரின் கையெழுத்து வேண்டும். அதற்காகத்தான் அன்று அவர் மேசைக்கு முன்னால் நின்றேன். அவர் விண்ணப்பத்தைத் தொடவில்லை. என் ரிப்போர்ட் புத்தகத்தை எடுத்து, ஆறாம் வகுப்பிலிருந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். நல்ல புள்ளிகள் இருந்த இடத்தில் அவர் விரல் நிற்கவேயில்லை. எட்டாம் வகுப்பில் வந்து நின்றது.

"கணக்கு பதினெட்டு. சரித்திரம் இருபத்திரண்டு. பள்ளிக்கு வந்த நாள் பாதி கூட இல்ல. இதோட நீ பேராதனை சர்வகலாசாலைக்குப் போகப் போறியா?"

"எஸ்.எஸ்.சி. பரீட்சையில கணக்கு திறமைச் சித்தி சேர்."

"அது ஒரு வருசத்துப் படிப்பு. எல்லா வருசமும் பார்க்கணும். ஒரு வருசம் சறுக்கினவன் அங்க போயும் சறுக்குவான். பள்ளிக்கூடத்துட பேர் என்னாகிற?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வருடம் நான் சறுக்கவில்லை, மணல் சுமந்தேன். எங்கள் கல்முனைப் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு இல்லாமல் கலியாணம் இல்லை. மாப்பிள்ளை வந்து குடியேறுவது பெண்ணின் வீட்டில்தான். என் மூத்தவள் ராத்தாவுக்குச் சம்பந்தம் கூடிவந்தபோது எங்களிடம் வெறும் வளவு நிலம்தான் இருந்தது. வாப்பா கல் வாங்கினார். கூலிக்கு ஆள் பிடிக்க வழியில்லாமல் என்னைப் பிடித்தார். மணல் அள்ளினேன், சுண்ணாம்பு குழைத்தேன். சுவர் ஏற ஏற என் புள்ளி இறங்கியது. அதில் எனக்கு வெட்கமே இல்லை.

விண்ணப்பத்தை முதல் நாளே மூன்று தரம் வாசித்திருந்தேன். எஸ்.எஸ்.சி. பெறுபேற்றைக் கேட்டிருந்தார்கள், அவ்வளவுதான். மிச்சத்தைப் பரீட்சை தீர்மானிக்கும்.

"இந்தக் கடுதாசியில எட்டாம் வகுப்புக்கு இடமே இல்லையே சேர்."

"இடம் இல்லாட்டி என்ன? கையெழுத்துப் போடுறவன் நான்."

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். உம்மா அங்கே இருந்திருந்தால் இழுத்துக்கொண்டு போயிருப்பார். ஆனால் சேர் குடியிருந்த வீடு எனக்குத் தெரியும். அது அவர் மனைவியின் சீதன வீடு. கட்டியவர் அந்த மனைவியின் தம்பி. எட்டாம் வகுப்பில் இருந்த வருடம் கட்டி, அத்தோடு படிப்பை விட்டவர், சம்மாந்துறை மில்லுக்கு நெல் வண்டி ஓட்டினார். எங்கள் நெல்லையும் அவர்தான் ஏற்றுவார்; அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவேன்.

"சேர் இருக்கிற வீட்டக் கட்டின வருசம், உங்கட மச்சானுக்குக் கணக்கில எத்தின புள்ளி?"

அவர் முகம் கறுத்தது. பிரம்பு மேசையில்தான் கிடந்தது. அடிப்பார் என்றே நினைத்தேன். அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, கடுதாசியை என் பக்கம் தள்ளினார். "போ" என்றார். ரிப்போர்ட் புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

பரீட்சையில் சித்தியடைந்தேன். பேராதனையில் ஒருவரும் அந்தப் புத்தகத்தைத் தேடவில்லை.

நான் புறப்பட்ட அன்று என் பெட்டியை பஸ்ஸடிக்கு ஏற்றிப்போனது சேரின் அந்த மச்சானின் மாட்டு வண்டிதான். நடந்ததை அவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்ப எட்டாம் வகுப்புப் புள்ளிய அங்க பார்க்கிறல்லையா தம்பி?"

"இல்ல காக்கா."

கொஞ்ச தூரம் மாட்டை விரட்டாமல் விட்டார்.

"என்ட எட்டாம் வகுப்புப் புள்ளியோட இனிப் படிக்க ஏலாதெண்டு, உங்கட சேர், எங்கட மச்சான்தான் என்ன நிப்பாட்டினாரு" என்றார்.